பொருத்தம் பார்க்கும் கணிப்பொறி



போன வருஷம் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட்டபோது எனக்கு ஒரு சிக்கல் வந்தது. ரேஷன் கார்டில் என் அப்பா பெயரின் கடைசியில் ஒரு 'ன்' இருக்கிறது. ஆதார் அட்டையில் அந்த 'ன்' இல்லை. ஆள் ஒருவர்தான். அதே வீடு, அதே செங்கல் சூளை வேலை. ஆனால் கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளவில்லை. "பெயர் பொருந்தவில்லை" என்று ஒரே வரியைக் காட்டிவிட்டு நின்றுவிட்டது. அதைச் சரிசெய்ய அப்பா மூன்று நாள் கூலியை விட்டுவிட்டு அலைந்தார். "என் பேரு எனக்குத் தெரியாதாடா?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிப் படிக்கிற முதல் ஆள் நான். அதிலும் கம்ப்யூட்டர் படிக்கிறேன். இருந்தும் அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

இந்த வருஷம் நம் மாணவர் பேரவையின் ரத்ததானப் பட்டியலை வேர்ட்பிரஸில் ஏற்றினோம். அதில் நானே ஒரு பெரிய தப்புப் பண்ணினேன். அந்தத் தப்புக்குப் பிறகுதான் அப்பாவின் கேள்விக்குப் பதில் புரிந்தது. அந்தப் பாடத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நோட்டிலிருந்து கணிப்பொறிக்கு

நாட்டு நலப்பணித் திட்ட அறையில் ஒரு நீள நோட்டு இருந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பெயர், துறை, ரத்தப் பிரிவு, ஊர், போன் நம்பர் என்று கோடு போட்டு எழுதியிருக்கும். யாருக்காவது ரத்தம் வேண்டும் என்று தகவல் வந்தால், முதலில் அறைச் சாவி யாரிடம் என்று தேட வேண்டும். பிறகு நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்ட வேண்டும். அதில் பாதிப் பேர் படிப்பை முடித்துவிட்டுப் போயிருப்பார்கள். இதை மாற்றலாம் என்று மூன்றாம் ஆண்டில் நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்தோம்.

வேர்ட்பிரஸ் என்பது இலவசமாகக் கிடைக்கும் ஒரு மென்பொருள். மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்ற இருவர் 2003 மே மாதம் வெளியிட்டார்கள். ஆரம்பத்தில் அது நாட்குறிப்பு மாதிரி கட்டுரை எழுதி வெளியிடுவதற்கான கருவி. அதில் 'போஸ்ட்' என்றும் 'பேஜ்' என்றும் இரண்டு வகைப் பதிவுகள் முக்கியமானவை. 2010 ஜூனில் 3.0 பதிப்பு வந்தபோது நமக்கு வேண்டிய பதிவு வகைகளை நாமே உண்டாக்கிக்கொள்வது சுலபமாயிற்று. இதற்குப் பெயர் 'கஸ்டம் போஸ்ட் டைப்'.

மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். துவரம்பருப்புக்கு ஒரு டப்பா, மிளகுக்கு ஒரு டப்பா. ஒவ்வொன்றின் மேலும் சீட்டு ஒட்டியிருக்கும். எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கொட்டி வைத்தால் வியாபாரம் நடக்குமா? அந்த டப்பாதான் பதிவு வகை.

நாங்கள் இரண்டு டப்பா வைத்தோம். ஒன்று 'கொடையாளர்'. மற்றது 'தேவை'. கொடையாளரில் ரத்தப் பிரிவு, ஊர், பிறந்த தேதி, கடைசியாக ரத்தம் கொடுத்த தேதி, போன் நம்பர் என்று கட்டங்கள். தேவையில் ரத்தப் பிரிவு, மருத்துவமனை, ஊர், எத்தனை யூனிட், எந்த நாள் என்று கட்டங்கள். ஒரு தேவையைத் திறந்தால் அதற்குப் பொருந்துகிற கொடையாளர்கள் மட்டும் கீழே வரிசையாக வர வேண்டும். இவ்வளவுதான் நாங்கள் கேட்டது.

உள்ளே என்ன நடக்கிறது?

வேர்ட்பிரஸ் தன் தகவல்களை மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் வைக்கிறது. நமக்கு அதில் இரண்டு அட்டவணைகள் முக்கியம்.

முதலாவது 'போஸ்ட்ஸ்' அட்டவணை. கொடையாளரோ தேவையோ, ஒவ்வொரு பதிவுக்கும் இங்கே ஒரு வரி. அந்த வரிக்கு ஒரு எண் உண்டு. அதுதான் ஐடி. நம் பதிவேட்டு எண் மாதிரி, ஒருவருடையது இன்னொருவருக்கு வராது.

இரண்டாவது 'போஸ்ட்மெட்டா' அட்டவணை. இதில் நான்கே பத்திகள். வரிசை எண், எந்தப் பதிவைச் சேர்ந்தது, கட்டத்தின் பெயர், கட்டத்தின் மதிப்பு. ஒரு கொடையாளருக்கு 5 கட்டம் என்றால் இங்கே 5 வரி. 200 கொடையாளர் என்றால் 1000 வரி. மதிப்பு என்கிற பத்தி முழுவதும் வெறும் எழுத்தாகவே சேமிக்கப்படுகிறது. எண்ணாக இருந்தாலும் சரி, தேதியாக இருந்தாலும் சரி, அங்கே போனால் எழுத்துதான். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

பொருத்திப் பார்ப்பது இரண்டு படியில் நடக்கும். முதல் படியில், திறந்திருக்கும் தேவையின் ஐடியைக் கொண்டு அதன் ரத்தப் பிரிவையும் ஊரையும் எடுக்கிறோம். இரண்டாவது படியில், அந்த மதிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு கொடையாளர் டப்பாவில் தேடுகிறோம். இந்தத் தேடலுக்கு வேர்ட்பிரஸில் உள்ள வசதிதான் 'மெட்டா குவெரி'. அதற்கு நாம் நான்கு விஷயம் சொல்ல வேண்டும். எந்தக் கட்டம்? என்ன மதிப்பு? எப்படி ஒப்பிடுவது? அந்த மதிப்பு என்ன இனம், எழுத்தா எண்ணா தேதியா? இப்படிப் பல நிபந்தனைகளை 'மற்றும்' என்றோ 'அல்லது' என்றோ சேர்க்கலாம். 2014 டிசம்பரில் வந்த 4.1 பதிப்பிலிருந்து ஒன்றுக்குள் ஒன்றாகவும் அடுக்கலாம்.

நிரலை அப்படியே அச்சடித்தால் பக்கம் நிறையும், படிக்க ஆள் இருக்காது. வேண்டுபவர்கள் லேபுக்கு வாருங்கள், காட்டுகிறேன்.

நான் பண்ணிய தப்பு

நோட்டில் இருந்ததை நாங்கள் மூன்று பேரும் பிரித்துக்கொண்டு டைப் செய்தோம். ரத்தப் பிரிவுக் கட்டத்தில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதும்படி விட்டிருந்தோம். ஒருவன் 'பி+' என்று அடித்தான். இன்னொருவன் 'பி+ குரூப்' என்று அடித்தான். நான் 'பி+ பாசிட்டிவ்' என்று அடித்தேன். பிளஸ்ஸும் பாசிட்டிவும் ஒன்றுதான் என்பது அப்போது என் மண்டைக்கு எட்டவில்லை!

முதலில் ஒப்பீட்டை 'சமம்' என்று வைத்தேன். 'பி+' என்று தேடினால் சும்மா 'பி+' என்று அடித்தவை மட்டும் வந்தன. நான் டைப் செய்தவை ஒன்றுகூட வரவில்லை. ரேஷன் கார்டு கதைதான்! ஒவ்வொன்றாய்த் திருத்த சோம்பல். எனவே ஒப்பீட்டை 'லைக்' என்று மாற்றினேன். லைக் என்றால், தேடும் எழுத்துகள் மதிப்புக்குள் எங்கே இருந்தாலும் போதும், முன்னே பின்னே என்ன இருந்தாலும் பரவாயில்லை என்று பொருள். உடனே எல்லாம் வந்துவிட்டன. 'ஏ+' தேடிப் பார்த்தேன், சரி. 'ஓ+' தேடிப் பார்த்தேன், சரி. வேலை முடிந்தது என்று எழுந்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து, ராத்திரி எட்டரை மணிக்குத் தகவல். நம் கேன்டீன் அக்காவின் மகளுக்குப் பிரசவம். ரத்தம் நிறையப் போய்விட்டது. பி+ வேண்டும், கைவசம் குறைவாக இருக்கிறது, ஆளைக் கூட்டி வாருங்கள் என்றார்கள். தேவையைப் பதிந்தோம். பட்டியலில் 11 பேர் வந்தார்கள். முதல் பெயர் மெக்கானிக்கல் அண்ணன் ஒருவர். போன் போட்டு, "அண்ணா, அவசரமா ரத்தம் வேணும், கிளம்பி வாங்க" என்றோம். "இதோ வந்துட்டேன் தம்பி" என்று 30 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஊரிலிருந்து மொபெட்டில் வந்தார். எந்தப் பிரிவு என்று நாங்கள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

ரத்த வங்கியில் விரலில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தார்கள். அவர் ஏபி+.

நண்பர்களே, 'ஏபி+' என்பதை எழுதிப் பாருங்கள். அதற்குள்ளேயே 'பி+' இருக்கிறது! லைக் என்பது அதைத்தான் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறது. 'ஏ+' தேடினால் இந்தத் தப்பு வராது, ஏனென்றால் 'ஏபி+' என்பதில் ஏ-வுக்கும் பிளஸ்ஸுக்கும் நடுவில் பி நிற்கிறது. 'ஓ+' தேடினாலும் வராது. எட்டுப் பிரிவில் தப்பு வருவது இரண்டே இரண்டுக்குத்தான். 'பி+' தேடினால் 'ஏபி+' வரும். 'பி-' தேடினால் 'ஏபி-' வரும். நான் சோதித்தது அந்த இரண்டையும் விட்டுவிட்டு!

நோயாளிக்கு ஆபத்து வரவில்லை. குழாயில் என்ன எழுதியிருக்கிறது என்று நம்பி யாரும் ரத்தம் ஏற்றுவதில்லை. பிரிவைச் சோதித்து, நோயாளியின் ரத்தத்தோடு சேர்த்தும் பார்ப்பார்கள். பி பிரிவுக்காரரின் ரத்தத்தில் ஏ-வை எதிர்க்கும் பொருள் இயற்கையாகவே உண்டு. ஏபி ரத்தத்தை அவருக்கு ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. அதற்காகத்தான் அத்தனை சோதனை. ஆனால் ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. எடுத்த ரத்தத்தையும் நோய்க்கிருமி இருக்கிறதா என்று பரிசோதித்த பிறகே கொடுப்பார்கள். அதற்கும் நேரம் வேண்டும். அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் சின்ன விஷயமில்லை.

கொடுமை என்னவென்றால், அதே பட்டியலில் ஒன்பதாவதாக உண்மையான பி+ தம்பி ஒருவன் இருந்தான். நம் ஹாஸ்டலில்தான் படுத்திருந்தான். மருத்துவமனைக்குப் பத்து நிமிஷ நடை. அவன் போய்க் கொடுத்தான். தாயும் பிள்ளையும் நலமாக வீடு திரும்பினார்கள். கேன்டீன் அக்கா எனக்கு இப்போதும் டீக்குக் காசு வாங்குவதில்லை. நடந்தது அவருக்குத் தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துகொள்வார். வாங்கிக்கொள்ளுங்கள் அக்கா.

இறுக்கினாலும் தப்பு, தளர்த்தினாலும் தப்பு

'சமம்' என்று இறுக்கினால் சரியான ஆள் விடுபடுகிறார். 'லைக்' என்று தளர்த்தினால் தவறான ஆள் உள்ளே வருகிறார். அப்படியானால் என்னதான் செய்வது? தேடும் இடத்தில் எத்தனை தந்திரம் செய்தாலும் தீராது. பதியும் இடத்தில்தான் தீர்வு.

ரத்தப் பிரிவுக் கட்டத்தை நாங்கள் தேர்வுப் பட்டியலாக மாற்றினோம். எட்டே எட்டு மதிப்பு. அதில் ஒன்றைத் தொட்டுத் தேர்ந்தெடுக்கலாம், கையால் எழுத முடியாது. கொடையாளர், தேவை இரண்டிலும் அதே பட்டியல், அதே எழுத்து. பழைய பதிவுகளை உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினோம். இரண்டு சாயந்திரம் ஆனது. பிறகு ஒப்பீட்டை 'சமம்' என்று வைத்தோம். இப்போது 'பி+' என்றால் 'பி+' மட்டும்.

சில சமயம் ஒன்றுக்கு மேற்பட்ட மதிப்பு வேண்டியிருக்கும். பி+ நோயாளிக்கு பி+, பி-, ஓ+, ஓ- ஆகிய நான்கு பிரிவுகளின் சிவப்பணுக்களும் பொருந்தும். எதை ஏற்றுவது என்பது மருத்துவர் முடிவு. ஆனால் அதே பிரிவு ஆள் கிடைக்காதபோது மற்றவர்களையும் காட்ட வேண்டுமே! அதற்கு 'லைக்' தேவையில்லை. 'இன்' என்ற ஒப்பீடு இருக்கிறது. நான்கு மதிப்பை வரிசையாகக் கொடுத்தால் அந்த நான்கில் ஒன்றுக்குச் சமமானதை மட்டும் எடுக்கும். பொருத்தம் என்றால் எப்போதும் சமம் என்று அர்த்தமில்லை. எது எதற்குப் பொருந்தும் என்ற அட்டவணையை நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இன்னொரு வழியும் உண்டு. ரத்தப் பிரிவையும் ஊரையும் கட்டமாக வைக்காமல் 'டாக்ஸானமி' என்ற வகைப்பாடாக வைக்கலாம். போஸ்ட்மெட்டாவில் மதிப்புப் பத்திக்கு இன்டெக்ஸ் கிடையாது. 'மற்றும்' போட்டு மூன்று நிபந்தனை வைத்தால் அதே அட்டவணையை மூன்று முறை இணைத்துத் தேட வேண்டும். 200 பேருக்கு இது தெரியாது. பல்லாயிரம் பேர் என்றால் பக்கம் நகராது. பலருக்கும் பொதுவான மதிப்பு என்றால் வகைப்பாடு, ஆளுக்கு ஆள் மாறுவது என்றால் கட்டம். இது எங்கள் அனுபவ விதி.

தேதி என்னும் பொல்லாத கட்டம்

ரத்தம் கொடுக்க 18 வயது முடிந்திருக்க வேண்டும். எடை 45 கிலோவுக்குக் குறையக்கூடாது. ஒருமுறை கொடுத்தால் ஆண்கள் 90 நாளும் பெண்கள் 120 நாளும் கழித்துத்தான் மறுபடி கொடுக்கலாம். நம் முதலாம் ஆண்டுத் தம்பி தங்கைகளுக்குப் பெரும்பாலும் 16 வயதுதான். ஆர்வத்தில் நோட்டில் பெயர் எழுதியவர்கள் நிறைய. அவர்களை விலக்க வேண்டும்.

தேதியை நாம் பழகியபடி நாள்-மாதம்-வருஷம் என்று எழுதி வைத்திருந்தோம். இங்கேதான் 'எல்லாம் எழுத்து' என்று முன்னே சொன்னது வேலை காட்டும். இன்று 10-03-2025 என்று வைத்துக்கொள்வோம். 90 நாளுக்கு முன் 10-12-2024. ஒருவர் 05-03-2025 அன்று ரத்தம் கொடுத்திருக்கிறார். ஐந்தே நாள்தான் ஆகிறது. ஆனால் எழுத்தாக ஒப்பிட்டால், முதலில் '05', '10' இரண்டையும் பார்க்கும். 05 சின்னது. எனவே இவர் முன்னமே கொடுத்தவர், கூப்பிடலாம் என்று சொல்லிவிடும்! அதே தேதிகளை வருஷம்-மாதம்-நாள் என்று திருப்பி எழுதுங்கள். 20250305, 20241210. இப்போது எது பெரியது என்பதில் குழப்பமே இல்லை. ஆகவே சேமிப்பது இப்படி, திரையில் காட்டுவது நம் வழக்கப்படி.

இன்னொரு பள்ளம். இதுவரை ரத்தமே கொடுக்காதவருக்குக் 'கடைசியாகக் கொடுத்த தேதி' என்ற வரியே இருக்காது. அந்தக் கட்டத்தின் மேல் நிபந்தனை வைத்தால், வரி இல்லாத ஆள் பட்டியலில் இருந்தே மறைந்துவிடுவார். முதல்முறை கொடுக்கக் காத்திருப்பவர்கள் எல்லோரும் இப்படித்தான் காணாமல் போனார்கள். 'அந்தக் கட்டமே இல்லை' என்பதற்கும் ஒரு ஒப்பீடு உண்டு. அதை 'அல்லது' போட்டுச் சேர்க்கலாம்.

நாங்கள் அதைவிடச் சுலபமாக ஒன்று செய்தோம். 'எப்போதிலிருந்து கொடுக்கலாம்' என்று ஒரே ஒரு தேதிக் கட்டம் புதிதாக வைத்தோம். ஒரு கொடையாளரைச் சேமிக்கும்போதே கணிப்பொறி கணக்குப் போட்டு அதில் எழுதிவிடும். 18 முடியும் நாள் ஒன்று, கடைசியாகக் கொடுத்ததிலிருந்து 90 அல்லது 120 நாள் கழியும் நாள் ஒன்று. இரண்டில் எது பிந்தியதோ அது. முதல்முறைக்காரருக்கு 18 முடியும் நாள் மட்டும். எல்லோருக்கும் இந்தக் கட்டம் நிரம்பியிருக்கும். தேடும்போது ஒரே நிபந்தனை. அந்தத் தேதி இன்றோ இன்றைக்கு முன்போ இருக்க வேண்டும். வயது, ஆண் பெண் வித்தியாசம், இடைவெளி எல்லாம் அதற்குள் அடங்கிவிட்டன.

மேலும் சில எச்சரிக்கைகள்

மருத்துவமனையின் பெயரைத் தேவையில் கையால் எழுதாதீர்கள். மருத்துவமனைக்கும் ஒரு பதிவு வகை வைத்து, அதன் ஐடியால் இணையுங்கள். பெயர் மாறினாலும் ஐடி மாறாது. அதிலும் ஒரு பொறி இருக்கிறது. சில கருவிகள் பல ஐடிகளை ஒரே மதிப்பாகக் கோர்த்துச் சேமிக்கும். அங்கே 12 என்று 'லைக்' போட்டால் 123, 512 எல்லாம் வரும். ஏபி கதையேதான்! கோர்த்த மதிப்புக்குள் ஐடி மேற்கோள் குறிகளுக்குள் இருந்தால், தேடும்போதும் அந்தக் குறிகளைச் சேர்த்துத் தேட வேண்டும்.

பிளஸ் குறியை இணைப்பு முகவரியில் நேரடியாக எழுதாதீர்கள். போய்ச் சேரும்போது அது வெற்றிடமாகிவிடும். 'பி+' என்று அனுப்பினால் வெறும் 'பி' வந்து நிற்கும்.

கொடையாளர் பதிவு வகையைப் பொதுப் பார்வைக்குத் திறக்காதீர்கள். அதில் நம் தோழிகளின் போன் நம்பரும் இருக்கிறது. உள்நுழைந்த தன்னார்வலர்களுக்கு மட்டும் தெரியும்படி செய்திருக்கிறோம்.

கடைசியாக, பொருந்திய பெயருக்குப் பக்கத்திலேயே எதனால் பொருந்தியது என்பதையும் காட்டுங்கள். அன்று பட்டியலில் பெயரும் நம்பரும் மட்டும்தான் இருந்தன. பக்கத்தில் 'ஏபி+' என்று தெரிந்திருந்தால் போன் போடும் முன்பே கண்டுபிடித்திருப்போம்.

முடிவாக

அப்பாவிடம் இப்போது பதில் சொல்லிவிட்டேன். "உங்க பேரு உங்களுக்குத் தெரியும்பா. கம்ப்யூட்டருக்கு எழுத்து மட்டும்தான் தெரியும். முதல்ல எழுதினவங்க சரியா எழுதியிருக்கணும்." அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப நீ எழுதும்போது பார்த்து எழுது" என்றார். இரண்டு வருஷத்தில் நான் படித்ததை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

நண்பர்களே! 18 முடிந்தவர்கள் நாட்டு நலப்பணித் திட்ட அறைக்கு வந்து பதிவு செய்யுங்கள். ரத்தப் பிரிவை ஞாபகத்திலிருந்து சொல்லாமல், பரிசோதனைச் சீட்டைப் பார்த்துச் சொல்லுங்கள். ஊர் மாறினால், நம்பர் மாறினால், ரத்தம் கொடுத்தால் உடனே தெரிவியுங்கள். நாங்கள் மூன்று பேரும் ஏப்ரலோடு கிளம்பிவிடுவோம். இரண்டாம் ஆண்டிலிருந்து இரண்டு பேராவது முன்வந்தால் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகிறோம். வருபவர்கள் முதலில் 'பி+' என்று தேடிப் பாருங்கள்!



— மூன்றாம் ஆண்டு, கணிப்பொறிப் பிரிவு